இரண்டு விரல் வித்தியாசம்

ராஸ் அல் கைமாவில் மலை தொடங்கும் இடத்தில்
ஒரு வில்லா. ஆகஸ்ட்.
ஏப்ரலில் அடைத்த ஜன்னல்களை
இனி நவம்பரில்தான் திறப்பார்கள்.
குளிர்ந்த காற்று சுற்றிச் சுற்றி
அதே மூக்குகளுக்குள் போய் வருகிறது.

தரைக்குக் கீழே பாறை மூச்சு விடுகிறது.
நிறமில்லை, வாசமில்லை.
ரேடான் என்றால்
"ராடோ வாட்சா?" என்கிறார் சமையற்காரர்.

குழந்தை வரப்போகிறது என்று
மேடம் மறுபடி அளக்கச் சொன்னார்.
குழாயைப் போட்டது நான்தான், போன வருஷம்:
பேஸ்மென்ட் தரையைத் துளைத்து
ஜல்லிக்குள் இறங்கி, சுவரோடு ஏறி
மொட்டைமாடிக்கு மேல் வாய் திறக்கும்
நாலு அங்குல பிவிசி. உச்சியில் விசிறி.
அதன் ஒயரை மட்டும், வேறு வழி தெரியாமல்,
கீழே ஸ்டோர் ரூம் பிளக்குக்கு இறக்கினேன்.

குழாயின் இடுப்பில் 'ப' வடிவக் கண்ணாடி,
உள்ளே சிவப்புத் திரவம்.
ஒரு கை உயர்ந்து ஒரு கை தாழ்ந்தால்
வீடு நலம்.
இரண்டும் சமமாக நின்றால்
விசிறி செத்துவிட்டது.
சமம் ஆகாத ஒரே இடம் இது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
இந்த ஊரில் அப்படிச் சொல்ல முடியாது.

பத்து நாள் கருவியை வைத்தேன்.
பகலெல்லாம் முப்பது, நாற்பது.
இரவு பத்துக்கு மேல் கோடு கிளம்புகிறது,
ஒரு மணிக்கு இருநூற்றெண்பது,
பிறகு விடிய விடிய இறக்கம்.
ஒவ்வொரு இரவும் ஒரு மலை.
வெள்ளிக்கிழமை மலைக்கு மட்டும்
அகலம் கூடுதல்.

பாறைக்குக் கிழமை தெரியாது.

கீழே போனேன்.
ஸ்டோர் ரூமில் இப்போது ஒரு கட்டில்.
தவமலர், ஹட்டன் பக்கம்.
சுவரில் இருப்பது ஒரே பிளக்.
"அது எதுக்கு வயர்னு தெரியாது அண்ணே.
பகல்ல போன் மேடம்கிட்ட இருக்கும்.
ராத்திரி பத்துக்குத்தான் கைக்கு வரும், சார்ஜ் இருக்காது.
மகள் ஏ.எல். படிக்கிறா.
கணக்கு வரலைன்னு அழுவா.
வெள்ளிக்கிழமைன்னா கொஞ்சம் கூட நேரம் பேசுவோம்."

சொன்னேன். பாறை, மூச்சு, விசிறி, எல்லாம்.
கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.
"அப்ப எனக்குள்ள போயிருக்குமா?"
பதினோரு மாதம் இந்த அறையில் தூங்கியிருக்கிறாள்.
வருஷக்கணக்கில்தான் கெடுக்கும் என்றேன்.
உண்மைதான்.
உண்மையின் ஒரு சின்னத் துண்டு.

சந்துக் கடையில் எட்டு திர்ஹமுக்கு
ஒரு அடாப்டர் வாங்கி வந்து சொருகினேன்.
அறிக்கையில் எழுதினேன்:
"மின் இணைப்பில் தற்காலிகத் தடை. சரிசெய்யப்பட்டது."
அதற்குக் கீழே இன்னொரு வரி:
"பேஸ்மென்ட்டில் ஆள் தூங்கக் கூடாது."
மேனேஜர் ஹைதம் அந்த வரிக்கு மட்டும்
மஞ்சள் பூசித் திருப்பி அனுப்பினார்:
தேவையில்லை.

'ப' வாசிக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.
வெள்ளிதோறும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும்.
பூ இல்லை, காலை வணக்கம் இல்லை.
சிவப்பு இரண்டு கோடு, ஏற்ற இறக்கமாக.
நான் கட்டைவிரல் போடுவேன். அவ்வளவுதான்.

அக்டோபரில் ஒரு வெள்ளி படம் வரவில்லை.
அடுத்த வெள்ளியும்.
ஆய்வு என்று பொய் சொல்லி உள்ளே போனேன்.

அடாப்டர் தரையில் கிடந்தது,
ஒரு பக்கம் உருகிக் கருகி.
சுவரின் ஒரே பிளக்கில்
விசிறியின் ஒயர் இருந்தது.
போன் தலையணைமேல், கறுப்பாக.
கண்ணாடியில்
இரண்டு விரல் வித்தியாசம், அசையாமல்.

"மேல சின்னப்பிள்ள பிறந்திருக்கு" என்றாள்,
நான் கேட்காத கேள்விக்கு.

பையில் புது அடாப்டர் இருந்தது, தடித்தது.
போனுக்கு உயிர் வர நாலு நிமிஷம் ஆயிற்று.
அதுவரை நான் குழாயில் காது வைத்து நின்றேன்.
ஓடிக்கொண்டிருந்தது.
அவள் கறுப்புத் திரையைப் பார்த்தபடி
"அவ கணக்கு என்ன ஆச்சோ" என்றாள்.